பத்து ஆராங் முதல் தென்னமரம் வரை: சுரங்க மண்ணில் ஒரு சைக்கிள் பாதை

கோலாலம்பூரில் கிரேவல் சைக்கிள், அதாவது மண்பாதையிலும் ஓட்டக்கூடிய அகல டயர் சைக்கிள், வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வாங்கியதும் எழும் கேள்வி, இதை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது என்பதுதான். பலர் ஏரிப் பூங்காவை நாலு சுற்றுச் சுற்றி, இரண்டு படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். 45 மில்லிமீட்டர் அகல டயருக்கு அது பெரும் அநியாயம். என்னைக் கேட்டால் குவாங் ரயில் நிலையத்துக்குப் போகச் சொல்வேன். அங்கிருந்து குண்டாங், பத்து ஆராங், பெஸ்தாரி ஜெயா என்று வடமேற்கே போய், தென்னமரம் தோட்டத்துப் பக்கம் முடியும் பாதையில் ஒரே பகலில் பழைய வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற ஈயக்குட்டைகளின் மணலும் நிலக்கரிச் சுரங்கத்துக் களிமண்ணும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண்ணும் டயரில் ஒட்டும்.

நான் இந்த நிலத்தைப் பார்க்கும் விதம் என் தொழிலிலிருந்து வந்தது. மண் பரிசோதனைதான் என் வேலை. புதிதாகக் கட்டடம் எழும்பப்போகும் இடத்தில் துளை போட்டு, கீழே என்ன மண் இருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும் என்று பதிவு செய்கிறோம். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவோம். நல்ல கெட்டி மண்ணில் ஐம்பது அடிக்கும் குழாய் அசையாது. பழைய ஈயச் சுரங்க நிலத்தில் சில சமயம் சுத்தியலைத் தூக்கவே தேவைப்படாது. கம்பியின் எடைக்கே குழாய் தானாகக் கீழே போய்விடும். அப்படிப்பட்ட துளைகளை இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். மேலே புல்லும் சிமெண்டுச் சாலையும், பத்தடிக்குக் கீழே கஞ்சி.

கோலாலம்பூர் பிறந்ததே ஈயத்துக்காக. 1857-இல் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியே அனுப்பினார். இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் இறங்கி, காட்டுக்குள் நடந்து, அம்பாங்கில் ஈயம் தோண்டத் தொடங்கினார்கள். சில வாரங்களுக்குள் அவர்களில் பெரும்பாலோர் மலேரியாவில் இறந்துபோனார்கள். அதன்பிறகும் ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். நாம் இன்று மாலை நடை போகும் தித்திவங்சா ஏரி ஒரு ஈயக்குட்டை. சுங்கை பீசிக்கு அப்பால், ஏரியைச் சுற்றி ஓட்டலும் கடைத்தொகுதியும் நிற்கும் இடம் ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம். அம்பாங் எல்ஆர்டி ரயில் ஓடும் தடத்தின் பெரும்பகுதி அந்த நாளைய ரயில்பாதையின் தடமேதான். நகரத்துக்குள் இவையெல்லாம் சிமெண்டுக்கும் பூச்செடிக்கும் அடியில் மறைந்துவிட்டன. தோண்டிய நிலத்தைத் தோண்டிய கோலத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் நகரத்தைவிட்டு வெளியே போக வேண்டும். அதற்குச் சைக்கிளைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. காரில் போனால் மண் தெரியாது. நடந்து போனால் ஒரு நாளில் ஒரு குட்டையைத்தான் பார்க்க முடியும்.

விடிவதற்கு முன்பே செந்தூலிலிருந்து காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். தம்பிக்கு விடுமுறை என்றால் அவனும் வருவான். ரயிலில் வருகிறவர்கள் தஞ்சோங் மாலிம் போகும் கொம்யூட்டரில் ஏறிக் குவாங்கில் இறங்கலாம். முழுச் சைக்கிளை ஏற்றலாமா என்பதை மட்டும் நிலையத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். குவாங்கிலிருந்து பத்து ஆராங் சுமார் 15 கிலோமீட்டர். முதல் பாதி தார்ச்சாலைதான். குண்டாங்கில் தாசேக் பீரு ஏரி வரும். அதுவும் பழைய ஈயச் சுரங்கம். காலை ஏழு மணிக்கு அந்த நீரின் நிறம் பெயருக்கு ஏற்றபடி நீலமாகத்தான் இருக்கும். நான் அங்கே அதிகம் நிற்பதில்லை. அதன் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியம்.

பத்து ஆராங் ஈய ஊர் இல்லை, நிலக்கரி ஊர். சில கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஏரியும் சதுப்பும் நிறைந்த பள்ளமாக இருந்த இடம் அது. மரமும் இலைதழையும் சேற்றோடு படிந்து, அழுந்தி, கரியாயின. 1908-இல் கரி இருப்பது தெரியவந்தது. 1913-இல் மலாயன் கோலியரிஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1915-இல் கரி வெளியே வரத் தொடங்கியது. குவாங்கிலிருந்து தனி ரயில்பாதையும் போட்டார்கள். நாம் சைக்கிளில் வந்த அதே வழியில் கரி எதிர்ப்புறமாக நகரத்துக்குப் போயிற்று. மலாயாவின் ரயில் வண்டிகளும் மின்நிலையங்களும் அந்தக் கரியைத் தின்றுதான் ஓடின. நிலத்துக்கு அடியில் சுரங்கவழி, மேலே திறந்த குழி என்று இரண்டு விதமாகவும் வெட்டினார்கள். மேலே மூடியிருந்த களிமண்ணை வீணாக்காமல் செங்கல் சுட்டார்கள். ரப்பர் பெட்டி, தேயிலைப் பெட்டிக்காக ஒட்டுப்பலகை ஆலையும் இருந்தது. செங்கல் சூளையின் புகைபோக்கிகள் இன்னும் நிற்கின்றன. சாலையிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே சிவப்பாகத் தலை நீட்டும். அவற்றை நெருங்கிப் பாருங்கள், ஆனால் அடியில் போய் நிற்காதீர்கள். காரை உதிர்ந்த பழைய செங்கல்.

என் அப்பா இந்த ஊரில் 1948-இல் பிறந்தார். அதே ஆண்டு ஜூலையில் கம்யூனிஸ்டுப் போராளிகள் பத்து ஆராங்கைத் தாக்கினார்கள். அப்பாவுக்கு அது பாட்டி சொல்லிக் கேட்ட கதை மட்டும்தான். தாத்தா கரி நிரப்பிய தள்ளுவண்டிகளைத் தண்டவாளத்தில் தள்ளும் வேலையில் இருந்தார். ரயில்கள் டீசலுக்கும் எண்ணெய்க்கும் மாறியபோது கரிக்கு ஆளில்லாமல் போயிற்று. 1960-இல் சுரங்கத்தை மூடினார்கள். செந்தூல் ரயில் பட்டறையில் பெரிய தாத்தா வேலை செய்துகொண்டிருந்ததால் குடும்பம் முழுவதும் செந்தூலுக்கு வந்தது. அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒருமுறை அவர் காரில் வர, நான் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். தார்ச்சாலை ஓரமாக நிற்கச் சொல்லி, புதருக்குள் கையைக் காட்டி, "இங்கேதான் தண்டவாளம் போனது, இந்த மேடு அதற்காகப் போட்டது" என்றார். நான் இறங்கிப் பார்த்தேன். புதருக்குள் தட்டையான மேடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. ரயில்பாதை போட்டவர்கள் மட்டுமே அப்படி ஏற்ற இறக்கமில்லாமல் மண்ணைக் கொட்டுவார்கள். அதன் மேல் இப்போது மோட்டார் சைக்கிள்கள் போய்ப் போய் ஒற்றையடித் தடம் விழுந்திருக்கிறது. கிரேவல் சைக்கிளுக்கு அதைவிட நல்ல தரை இந்தப் பாதை முழுவதிலும் இல்லை.

பத்து ஆராங்கைப் பற்றிப் பேசும்போது 1937-ஐச் சொல்லாமல் போகக் கூடாது என்று நினைக்கிறேன். 1936 நவம்பரிலேயே கூலி உயர்வு கேட்டு ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. கான்ட்ராக்டர்கள் மூலம் ஆள் சேர்த்து, கான்ட்ராக்டர்கள் மூலமே கூலி கொடுக்கும் முறைதான் தொழிலாளர்களின் பெரிய குறை. 1937 மார்ச்சில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்து தாங்களே நிர்வாகம் நடத்தத் தொடங்கினார்கள். நாட்டின் ரயிலும் மின்சாரமும் ஒரே ஊரின் கரியை நம்பியிருந்த காலம் அது. அரசாங்கம் படையோடு வந்து அதை முறித்தது. சீனர்கள், தமிழர்கள், மலாய்க்காரர்கள் என்று எல்லாரும் வேலை செய்த இடம். நம் பள்ளிப் புத்தகத்தில் நான் படித்த சுதந்திரப் போராட்டத்துக்குள் இந்த ஊரின் பெயர் எனக்குத் தென்பட்டதே இல்லை. அங்கே ஒரு பசியாறும் கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, எதிரே இருக்கும் அமைதியான கடைத்தெருவில் அது நடந்தது என்பதை மனத்தில் கொண்டுவருவேன். அதற்காகவாவது இந்த ஊரில் அரைமணி நேரம் நில்லுங்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தெருவில் நடங்கள். ஓடு வேய்ந்த பழைய வீடுகள் இன்னும் சில இருக்கின்றன.

ஊரைவிட்டு வெளியேறும் மண்பாதைகளில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இங்குள்ள களிப்பாறை காய்ந்திருக்கும்போது கல்போல இருக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் அதே இடம் சவர்க்காரமாக வழுக்கும். வெளியிலிருந்து பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. என் வழக்கம் எளிது: சாம்பல் நிறமாக, ஓரத்தில் தகடு தகடாக உரிந்து நிற்கும் மண்ணைக் கண்டால் முன் பிரேக்கைத் தொடுவதில்லை. செம்மண்ணாக இருந்தால் பயமில்லை, ஆனால் அது வேறு விதத்தில் தொல்லை கொடுக்கும். ஈரச் செம்மண் டயரில் ஏறி, சட்டத்துக்கும் டயருக்கும் இடையே அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. ஒரு சிறு மரச்சட்டுவத்தைப் பையில் வைத்துக்கொள்வேன். விரலால் தோண்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

பத்து ஆராங்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா நேர்கோட்டில் 10 கிலோமீட்டருக்குள்தான். பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. வயதானவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கே நிலம் முழுக்க மாறிவிடும். கரியும் செங்கல்லும் போய், வெள்ளை மணல் வரும். கண்ணுக்கு எட்டிய வரை ஈயக்குட்டைகள், இடையிடையே மணல்மேடுகள், லாலாங் புல். பெர்ஜுந்தை டின் டிரெட்ஜிங் நிறுவனத்தின் ஈயக்கப்பல்கள் பல ஆண்டுகள் மேய்ந்த நிலம் இது.

ஈயக்கப்பல் எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் இந்தத் தரை உடனே புரிந்துவிடும். அது தானே தோண்டிய குட்டையில் தானே மிதக்கும். முன்னால் வாளிகள் சங்கிலியாக இறங்கி அடிமண்ணை அள்ளிவரும். உள்ளே தண்ணீரோடு கலந்து சலிப்பார்கள். ஈயக்கல் மணலைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். அதனால் அது அடியில் தங்கிவிடும், மணலும் சேறும் பின்னால் கொட்டப்படும். கப்பல் முன்னே போகப் போகக் குட்டையும் அதோடு நகரும். அப்படிப் பின்னால் கொட்டியதில்தான் இன்று நாம் ஓட்டுகிறோம். கனமான மணல் உடனே படிந்து மேடாகும். மெல்லிய சேறு தண்ணீரில் நீண்ட நேரம் மிதந்து, தாழ்ந்த பக்கத்துக்குப் போய் மெதுவாகத் தங்கும். பம்பு வைத்து நீரைப் பீய்ச்சி, மரத்தால் கட்டிய பாலோங் என்ற நீண்ட சரிவு வாய்க்காலில் கழுவிய சுரங்கங்களிலும் இதே கதைதான். மணல் ஓரிடம், சேறு ஓரிடம்.

மணலில் ஓட்டுவது சிரமம், அவ்வளவுதான். காற்றைக் குறைத்து, கனமில்லாத கியரில் போட்டு, கைப்பிடியை இறுக்காமல் மிதித்துக்கொண்டே போனால் கடந்துவிடலாம். சேற்றுப் பக்கம் போகவே கூடாது. வெயிலில் மேல்பரப்பு காய்ந்து, வெடித்து, கோரைப்புல் முளைத்து, பார்க்க நல்ல வயல்வெளி போல இருக்கும். அதன் கீழே நாற்பது ஐம்பது ஆண்டுகளாகியும் காயாத சேறு இருக்கும். என் துளைகளிலிருந்து எடுத்த மாதிரிகளில் அதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்: சாம்பல் நிறம், கட்டியில்லாத பிசைந்த மாவு. ஒரு மனிதரை அது எளிதாக வாங்கிக்கொள்ளும். அடையாளம் இதுதான்: சுற்றியுள்ள மணலைவிடத் தாழ்ந்து, தட்டையாக, மரமே இல்லாமல் இருந்தால் அங்கே போகாதீர்கள். காட்டு மரம் வேர்விட்டிருக்கும் தரையை நம்பலாம். வேறு யாருடைய டயர் தடமும் இல்லாத தட்டைவெளியைக் குறுக்குவழி என்று நினைத்து இறங்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

குட்டைக்கரையும் அப்படியே. ஓரம் திடீரென்று ஆழமாகும். மணற்கரையை நீர் அடியில் அரித்திருக்கும். மேலே நின்றால் கரையோடு சேர்ந்து உள்ளே போக வேண்டியதுதான். பள்ளி விடுமுறை வந்தால் ஈயக்குட்டையில் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிய செய்தி வராத ஆண்டே இல்லை. படம் எடுக்க வேண்டுமென்றால் பத்தடி தள்ளி நின்று எடுங்கள். வெயில் எவ்வளவு அடித்தாலும் குளிக்க இறங்காதீர்கள்.

இந்தக் குட்டைகள் வெறும் காயம் என்று நினைக்க வேண்டாம். 2014 வறட்சியில் சிலாங்கூர் ஆற்றில் நீர் குறைந்தபோது, பெஸ்தாரி ஜெயாவின் ஈயக்குட்டைகளிலிருந்து நீரை ஆற்றுக்கு இறைத்தார்கள். கோலாலம்பூரில் குழாயைத் திறந்தவர்கள் எல்லாரும் அந்த ஆண்டு ஈயக்குட்டையையும் கொஞ்சம் குடித்திருக்கிறோம். அந்த நீர் தகுந்ததா என்று அப்போது பெரிய வாதம் நடந்தது. என் கருத்து என்னவென்றால், இந்தக் குட்டைகளை நிரப்பிக் கட்டடம் கட்டுவதைவிட நீர்நிலைகளாகவே காப்பது மேல். நான் துளை போடும் நிலங்களில் பாதியை அப்படியே விட்டிருக்கலாம் என்று பலமுறை தோன்றியிருக்கிறது. கொக்கு, நாரை, மீன்கொத்தி என்று காலையில் பறவைக் கூட்டம் அடர்ந்திருக்கும். உடும்பு பாதையின் நடுவில் படுத்துக்கொண்டு வெயில் காயும். மணியடித்தால் நகராது, நாம்தான் இறங்கிக் காத்திருக்க வேண்டும்.

இப்போதும் இங்கே மணல் அள்ளுகிறார்கள். வார நாட்களில் மணல் லோரிகள் வரிசையாக ஓடும். தூசியில் எதிரே வருவது தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போங்கள். கறுப்பாக மினுங்கும் மணல் குவிந்திருந்தால் அதை எடுத்து வராதீர்கள். அது ஈயம் பிரித்தபின் எஞ்சும் அமாங். இல்மனைட், சிர்க்கான், மோனசைட் எல்லாம் கலந்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு, அதனால் கதிர்வீச்சும் உண்டு. பக்கத்தில் சைக்கிளில் போவதால் ஒன்றும் ஆகாது. பிள்ளைகள் விளையாட வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் கூடாது.

இந்தப் பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம். 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே இந்த நாட்டில் முதல்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட இடம் இது. மலேசியாவின் செம்பனைத் தொழில் முழுவதும் இங்கே தொடங்கியது. தோட்டத்துப் பெயர் தமிழ். காட்டை அழித்து நட்ட கைகளும் பெரும்பாலும் தமிழ்க் கைகள். சைக்கிளை நிறுத்தி, வரிசை வரிசையாகப் போகும் செம்பனை மரங்களுக்குள் பார்த்தால், வானம்வரை ஒரே பச்சை நிழல். உள்ளே போகத் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். பாதுகாவலர் கம்பி போட்டிருந்தால் சண்டை போடாமல் இறங்கி, "ஐயா, பழைய பாதையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்" என்று சொன்னால் பெரும்பாலும் விடுவார்கள். இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். அது வேலை நடக்கும் இடம். குலை ஏற்றிய டிராக்டர் வந்தால் பாதையை விட்டு இறங்கி நின்று வழி விடுங்கள்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்து வாசலில் தண்ணீர் கேட்டேன். ஒரு பாட்டி செம்பு நிறையக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் பிள்ளை, மோட்டார் வாங்கக் காசில்லையா?" என்று கேட்டார். உண்மையான கவலையோடுதான் கேட்டார். வேண்டுமென்றுதான் இப்படி வருகிறேன் பாட்டி, இந்த ஊரைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து, எந்தத் திசையில் பழைய லயங்கள் இருந்தன, எந்தக் கோயிலை எங்கிருந்து எங்கே மாற்றினார்கள், பால்மரம் வெட்டிச் செம்பனை போட்டபோது யார் யார் எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள் என்று சொல்லத் தொடங்கினார். கிளம்ப வெகுநேரமாயிற்று. வெயில் ஏறிவிட்டது. ஆனால் அவர் சொன்ன இடங்களைத் தேடிக்கொண்டு அடுத்த ஞாயிறு மறுபடியும் போனேன். ஒரு மேட்டில் வேப்பமரமும் கல் பதித்த மேடையும் மட்டும் இருந்தன. அங்கேதான் கோயில் இருந்தது. இந்த இடம் எந்த வரைபடத்திலும் இல்லை.

சைக்கிளைப் பற்றி நிறையக் கேட்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 45 மில்லிமீட்டர் டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர் போதும்; என் எடைக்குக் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ வைக்கிறேன், மணலில் இன்னும் கொஞ்சம் இறக்குவேன். டியூப்லெஸ் இல்லாமல் செம்பனைத் தோட்டத்துக்குள் போக வேண்டாம். வெட்டிப்போட்ட மட்டையின் முள் காய்ந்த பிறகு ஆணியாகிவிடும். தண்ணீர் குறைந்தது மூன்று லிட்டர். பிற்பகல் இடிமழைக்கு முன்பே, ஒரு மணிக்குள் தார்ச்சாலைக்கு வந்துவிடுங்கள். குட்டை நடுவே வெட்டவெளியில் மின்னல் பிடித்தால் ஒதுங்க இடமே கிடையாது. போய்வர எழுபது எண்பது கிலோமீட்டர் ஆகும். தூரம் குறைவென்று நினைக்காதீர்கள். மணலில் பத்து கிலோமீட்டர் என்பது சாலையில் இருபத்தைந்துக்குச் சமம். தோட்டத்து நாய்கள் துரத்தினால் வேகம் கூட்டாமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்துவிடுங்கள்.

இந்தப் பாதை பிடித்துப்போனவர்கள் அடுத்ததாகப் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்குக்குப் போகலாம். ஈப்போ வரை ரயில் இருக்கிறது. பத்து காஜா, தஞ்சோங் துவாலாங், கம்பார், மாலிம் நாவார் என்று குட்டைகளுக்கு இடையே நாள் முழுவதும் ஓட்ட முடியும். அங்கே மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. கருங்கல் மலையிலிருந்து அரிக்கப்பட்டு வந்த ஈயக்கல் அந்தப் பாறையின் பள்ளங்களில் சேர்ந்தது. அதனால்தான் அங்கே உலகின் மிகப் பணக்கார ஈயவயல்களில் ஒன்று அமைந்தது. தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய ஈயக்கப்பலை இன்னும் காக்கிறார்கள். 4,500 டன் எடை. அதன் வாளி ஒன்றின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் மேலே நான் சொன்ன வேலையின் அளவு புரியும். பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகைக்கு அருகே, தொழிலாளர்கள் நோயில் மடிந்தபோது எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. கூரையில் தெய்வச் சிலைகளுக்கு நடுவே அந்த மாளிகையைக் கட்டிய துரை கெல்லி ஸ்மித்தின் உருவமும் நிற்கிறது. 1985 அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்து, லண்டன் சந்தையில் ஈய விற்பனையே நின்றபோது, அந்தப் பள்ளத்தாக்கில் வேலை இழந்த குடும்பங்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பின. ஆனால் கிந்தாவைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பத்து ஆராங், பெஸ்தாரி ஜெயா பக்கத்தைப் பற்றித் தமிழில் யாரும் சைக்கிள் குறிப்பு எழுதியதாக நான் பார்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. குவாங்கிலிருந்து குண்டாங் வரை ஒவ்வொரு முறையும் புதிய தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றின் விளம்பரப் பலகை எழும்பியிருக்கிறது. ரயில் மேட்டின் ஒரு துண்டைச் சமன்செய்துவிட்டார்கள். வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் குடும்பமும் ஒரு தாமானில்தான் இருக்கிறது. ஆனால் சமன்செய்வதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும். அப்பா, அந்தப் பாட்டி போன்றவர்கள் இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். நான் ஒவ்வொரு பயணத்திலும் கேட்ட பெயர்களை ஜிபிஎஸ் புள்ளியோடு தமிழில் பதிந்துவருகிறேன்: பழைய லயம், கோயில் மேடை, கரி ஏற்றிய இடம், தோட்டக் கணக்கர் கிராணியின் வீடு இருந்த மேடு. பத்து ஆராங்கில் அல்லது பெர்ஜுந்தைத் தோட்டங்களில் உங்கள் வீட்டில் யாராவது வேலை செய்திருந்தால், அவர்களிடம் இடங்களின் பெயரையும் அடையாளத்தையும் கேட்டு எனக்குப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். நானே போய்ப் பார்த்துப் புள்ளி வைக்கிறேன்.

நவம்பர் மழை விட்டு, பிப்ரவரியில் தரை காய்ந்ததும் ஒரு ஞாயிறு பொதுவான பயணம் ஏற்பாடு செய்ய நினைக்கிறேன். குவாங் நிலையத்து முன்னால் காலை ஆறரைக்குப் புறப்பாடு. மெதுவாகத்தான் போவோம், பத்து ஆராங்கில் பசியாறுவோம். அப்பாவும் காரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மலைச் சைக்கிள் வைத்திருப்பவர்களும் தாராளமாக வரலாம், டயர் அகலமாக இருந்தால் போதும்.